பச்சை விளக்கு எரியுது, சம்பளம் வரேல்லை



மாநில அரசுகள் எப்படி மென்பொருள் வாங்குகின்றன என்பது பற்றி எழுதப்போறன் எண்டு சொன்னதும் எங்கட ஆசிரியர் குழுவிலயே ரெண்டு பேர் கொட்டாவி விட்டவை. முகத்தை அடையாளம் காணுற கமரா பற்றி எழுது, போர்க்களத்துச் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுது எண்டு ஆலோசனை வந்தது. அவையும் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் எனக்கு இப்ப சண்டை அந்தக் கொட்டாவியோட.

ஒரு மாநில அரசு எந்தக் கம்பனியிட்ட, என்ன ஒப்பந்தத்தில, எந்த மென்பொருளை வாங்குது எண்டதுதான் ஒரு தாதிக்கு இந்தக் கிழமை சம்பளம் வருமா, வேலை இழந்த ஒருவர் கள்ளன் எண்டு முத்திரை குத்தப்படுவாரா எண்டதைத் தீர்மானிக்குது. இது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. விலைமனுக் குழுவிலயும் திட்டச் சபையிலயும் கதவைச் சாத்திக்கொண்டு முடிவாகுது. அந்த அறைக்குள்ள உயரதிகாரி இருப்பார், ஆலோசனைக் கம்பனிக்காரர் இருப்பார், சில வேளை விற்கிறவரே இருப்பார். அந்த வேலையைச் செய்கிறவர் இருக்க மாட்டார். அதன் விளைவைச் சுமக்கிறவரும் இருக்க மாட்டார்.

என்ர வாதம் இதுதான். இப்ப இருக்கிற அரச மேற்பார்வை ஒரு திட்டத்தின் திகதியையும் செலவையும் பார்க்கிறது. ஆட்களைப் பார்ப்பதில்லை. ஆகவே "மேற்பார்வை போதாது, கூட்டுங்கோ" எண்ட கோரிக்கை எங்களுக்கு உதவாது. பார்க்காத கண்ணைப் பத்து மடங்கு பெருப்பிச்சாலும் அது பார்க்காது. நாங்கள் கேட்க வேண்டியது, ஒரு திட்டத்தை நிப்பாட்டுற அதிகாரம் ஆரிட்ட இருக்கு எண்டது.

6 மில்லியன் 1.2 பில்லியனான கதை

குயின்ஸ்லாந்துச் சுகாதாரத் திணைக்களத்தின் சம்பளக் கதையை நான் முதல் செமஸ்டரிலயே படிச்சன். 'திட்ட முகாமைத்துவத் தோல்வி' எண்ட தலைப்பில ஒரு மணித்தியாலத்தில சொல்லி முடிச்சிட்டினம். அந்தத் தலைப்பே பிழை எண்டு நினைக்கிறன். கதையைச் சொல்லுறன், நீங்களே பாருங்கோ.

2000களின் தொடக்கத்தில், பீட்டர் பீட்டி தலைமையிலான தொழிற்கட்சி அரசு ஒரு பெரிய யோசனையைக் கையிலெடுத்தது. ஒவ்வொரு திணைக்களமும் தனித்தனியாகச் சம்பளம், கணக்கு, ஆளணி வேலைகளைப் பார்ப்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் பொதுச் சேவையாக ஒன்றாக்குவது. இதற்காக 'கோர்ப்டெக்' என்ற மத்திய அமைப்பு உருவானது. முழு அரசுக்கும் ஒரே மென்பொருள், ஒரே இடத்தில் மேற்பார்வை, பெருந்தொகைச் சேமிப்பு. பேப்பரில வடிவாத்தான் இருந்தது. ஆனால் வேலை இழுபட்டது. 2007இல் அடுத்த யோசனை வந்தது: அரசே பல ஒப்பந்தக்காரரை வைத்து வேலை வாங்குவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு பிரதான ஒப்பந்தக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. வேலையை ஒருங்கிணைக்கிற பொறுப்பையும் விற்கிறவரிட்டயே குடுத்தாச்சு.

2007 டிசெம்பர் 5ஆம் திகதி ஐபிஎம் கம்பனியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. விலை 98 மில்லியன் டொலர். அதற்குள் ஒரு சின்னத் துண்டுதான் சுகாதாரத் திணைக்களத்தின் சம்பளம். அவர்கள் பாவித்துவந்த 'லாட்டிஸ்' என்ற பழைய மென்பொருளுக்கு விற்பனையாளரின் ஆதரவு 2008 நடுப்பகுதியோடு முடிய இருந்தது. ஆகவே ஒரு இடைக்கால ஏற்பாடு, 6 மில்லியன் டொலரளவில, சில மாதத்துக்குள்ள முடியும் எண்டு சொன்னவை.

2008 ஒக்டோபரில் நிலைமை இப்படி இருந்தது: 98 மில்லியனில் ஏறத்தாழ 32 மில்லியன் கொடுபட்டிருந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன இலக்குகளில் ஒன்றுகூட எட்டப்படவில்லை. வேலையை முடிக்க 181 மில்லியன் வேண்டும் என்று கம்பனி கணக்குக் காட்டியது. முழு அரசுக்குமான திட்டம் கைவிடப்பட்டு, சுகாதாரச் சம்பளம் மட்டும் மிஞ்சியது. அதுவும் தொடங்கும் திகதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், கடைசியில் 2010 மார்ச் 14ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டது.

ஏறத்தாழ 78,000 பேரின் சம்பளம் அதில தொங்கிக்கொண்டிருந்தது. சிலருக்குச் சம்பளமே வரேல்லை. சிலருக்குக் குறைய வந்தது, சிலருக்குக் கூட வந்தது. இரவு வேலை முடிச்சு வந்து வாடகை கட்டக் காசில்லாமல் நிண்ட தாதியர், சமையற்காரர், சுத்திகரிப்புத் தொழிலாளர். இரண்டு கிழமைக்கொருக்கா சம்பளம் எடுக்கிற ஆளுக்கு ஒரு சம்பளம் தவறினால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூட வந்தவையின்ர கதையும் நிம்மதியா முடியேல்லை. 2012 அளவில் இப்படிக் கூடுதலாகக் கொடுபட்ட தொகை 90 மில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. பிறகு அதைத் தொழிலாளரிட்டயே திருப்பிக் கேட்டவை. ஆரோ செய்த பிழைக்குக் கடன்காரர் ஆனது தாதி.

அறிவு எங்க இருந்தது?

மருத்துவமனை நித்திரை கொள்ளாது. இரவு வேலை, சனி ஞாயிறு, பொது விடுமுறை, அழைத்தால் வரவேண்டிய நாள், ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் வேலை, ஒரு கிழமைக்கு மட்டும் மேல்நிலைப் பொறுப்பு. இவையெல்லாம் வேற வேற சம்பளம். கேபிஎம்ஜி 2012இல் எண்ணிப் பார்த்தபோது, சம்பளக் கணக்கீட்டில் 24,000க்கும் மேற்பட்ட சேர்க்கைகள் இருந்தன.

"பாத்தியளே, இவ்வளவு சிக்கல், ஆரால செய்ய ஏலும்?" எண்டு இந்த எண்ணைக் காட்டி அனுதாபம் தேடுவினம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. இந்தச் சிக்கல் 2010க்கு முதலும் இருந்தது. அப்ப அதைச் சமாளிச்சது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கிட்ட இருந்து வேலைசெய்த சம்பளப் பிரிவு எழுதுநர்கள். எந்த வார்டில எந்தப் பொறுப்பாளர் நேரத்தாளைப் பிந்திக் குடுப்பார், ஆர் ஆரோட வேலை மாறினவை எண்டதெல்லாம் அவையளுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த விலைமனு ஆவணத்திலயும் எழுதியிருக்கேல்லை. புதிய மென்பொருள் வந்த அதே காலத்தில் சம்பள வேலையின் ஒழுங்கும் மாற்றப்பட்டது: ஆர் ஆரின்ர சம்பளத்தையும் போடலாம் எண்ட மாதிரி வேலை மையங்களுக்குப் போனது. கிட்ட இருந்து தெரிஞ்ச ஆள் தூரப் போயிட்டார். தொலைநகலில வந்த நேரத்தாள்கள் கட்டுக்கட்டாகக் குவிஞ்சுது.

பிறகு என்ன நடந்தது? தானியங்கி எண்டு வாங்கினதை ஓட்டுறதுக்கு, ஒவ்வொரு இரண்டு கிழமையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் கையால வேலை செய்ய வேண்டி வந்தது. 1.2 பில்லியன் டொலர் எண்டு நீங்கள் செய்தியில கேட்ட கணக்கின் பெரும்பகுதி இதுதான். 2017 வரையான எட்டு வருடத்துக்கு, அந்த மென்பொருளைச் சுற்றி நின்று சம்பளத்தைப் போட்டு முடிக்கிற செலவு. ஐபிஎம் தன் பங்குக்குப் பெற்றது 25.7 மில்லியன்தான், மொத்தத்தில் இரண்டு வீதத்திலும் குறைவு என்று சொன்னது. அதைத் தன்னைக் காப்பாற்றத்தான் சொன்னது. ஆனால் எங்களுக்கு அது வேற ஒண்டைச் சொல்லுது: பிழையை வாங்கிறது மலிவு, அந்தப் பிழையோட வாழுறதுதான் விலை. அந்த விலை கட்டப்படுறது தொழிலாளரின் உழைப்பாலயும் சனத்தின்ர வரியாலயும்.

எச்சரிக்கை இருக்கேல்லையோ எண்டால், இருந்தது. மென்பொருளைப் பாவிக்கப்போகிறவர்களை வைத்துச் செய்த சோதனையில் குறைகள் கொட்டின. சோதித்தவர்கள் இது தயாரில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். திட்டச் சபை என்ன செய்தது? குறைகளின் தீவிரத்தை மறுவகைப்படுத்தி, தேர்ச்சி அளவுகோலைத் தளர்த்தி, பிறகு பாத்துக்கொள்ளலாம் எண்டு தொடங்கிப்போட்டுது. மாணவன் பெயில் எண்டால் பாஸ் மார்க்கை இறக்கிற பள்ளிக்கூடம் மாதிரி. அந்தச் சபை மேற்பார்வைக்கென்று உருவான சபை. கூட்டங்கள் நடந்தன, அறிக்கைகள் வந்தன, கையெழுத்துகள் போடப்பட்டன. மேற்பார்வை குறைவாக இருந்தது எண்டு ஆரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

காசும் போச்சு, வழக்கும் போச்சு

இன்னும் கேவலமான கட்டம் இனித்தான். 2010 செப்டெம்பரில் அனா பிளை அரசு ஐபிஎம்முடன் ஒரு துணை ஒப்பந்தம் எழுதியது. அதன்மூலம் கம்பனி மீதான கோரிக்கைகளை அரசு விட்டுக்கொடுத்தது. கம்பனி கோபித்துக்கொண்டு போனால் அடுத்த சம்பளத்தைப் போட ஆளில்லை எண்ட பயம். சொந்த ஆட்களையும் சொந்த அறிவையும் கைவிட்ட அரசுக்குப் பேரம் பேச முதுகெலும்பு எங்கால வரும்?

2012இல் ஆட்சிக்கு வந்த கம்பெல் நியூமனின் லிபரல் நஷனல் அரசு, ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையில் விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. 2013இல் வந்த அறிக்கை, இந்த நாட்டுப் பொது நிர்வாகத் தோல்விகளில் இது முன்வரிசையில் நிற்கிறது, ஒருவேளை ஆக மோசமானதாகவே இருக்கலாம் என்று முடிவுசெய்தது. ஐபிஎம்மைத் தெரிவுசெய்த முறையையும் கண்டித்தது. கம்பனி அதை நிராகரித்தது. அரசு வழக்குப் போட்டது. 2015 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் ஐபிஎம் பக்கம் தீர்ப்பளித்தது: 2010இல் நீங்களே எழுதிக் குடுத்து விடுவிச்சிட்டியள், இப்ப கேட்க ஏலாது. வழக்குச் செலவும் அரசின் தலையில் விழுந்தது.

அந்தத் துணை ஒப்பந்தத்துக்குத் தாதியரிட்ட ஆரும் கேட்டவையோ? பாராளுமன்றத்தில விவாதம் நடந்ததோ? பல மில்லியன் டொலர் பெறுமதியான பொதுச் சொத்து அந்த உரிமை. அதை ஒரு கையெழுத்தில விட்டுக்குடுத்தாச்சு.

பாடம் படிச்சது ஆர்?

வலதுசாரிகள் நல்லாப் பாடம் படிச்சினம். அரசால ஒண்டும் ஏலாது, ஆகவே ஆட்களைக் குறை, வெளியில குடு. நியூமன் அரசு 14,000 அரசாங்க வேலைகளை வெட்டியது. பீட்டர் கொஸ்டெல்லோ தலைமையிலான தணிக்கை ஆணைக்குழு தனியார்மயத்தைப் பரிந்துரைத்தது. 'சிடெக்' என்ற அரசின் சொந்தக் கணினிச் சேவை அமைப்பைக்கூடக் கழற்றிவிடத் திட்டம் போட்டார்கள். விற்கிறவரை நம்பிக் கெட்ட அரசு, அதற்கு மருந்தாக விற்கிறவரிட்ட இன்னும் கூடப் போகச் சொல்லுது. நோயையே மருந்தெண்டு எழுதிக் குடுக்கிற வைத்தியர்.

நடுநிலைக்காரர் படிச்ச பாடம் வேற: வெளிப்படைத்தன்மை. 2013இல் குயின்ஸ்லாந்து அரசு தன் தொழில்நுட்பத் திட்டங்களை இணையத்தில் போட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம். விக்டோரியாவிலும் பிறகு இப்படியொன்று வந்தது. அங்கு 2011இல் ஒம்புட்ஸ்மன் பத்துத் திட்டங்களை ஆராய்ந்து, அவை மொத்தமாகத் தொடக்க மதிப்பீட்டைவிட 1.44 பில்லியன் டொலர் கூடப் போகின்றன என்று காட்டியிருந்தார். ஆகவே தரவுப் பலகை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இருக்கட்டும், பயன்படும். ஆனால் அதில் நிறத்தைத் தெரிவுசெய்வது திட்டத்தை நடத்துகிற திணைக்களமே. பச்சை எண்டால் திகதிக்கும் வரவுசெலவுக்கும் உள்ள நிக்குது எண்டு அர்த்தம். தாதிக்குச் சரியான சம்பளம் வருமோ எண்டதுக்கு அந்தப் பலகையில நிரல் இல்லை.

2019 ஓகஸ்ட் மாதம் அதே சுகாதாரத் திணைக்களம் இன்னொரு மென்பொருளைத் தொடக்கியது. இந்த முறை கொள்வனவுக்கும் கணக்குக்குமான எஸ்ஏபி மென்பொருள். செலவு 135 மில்லியன் டொலரளவில். விநியோகஸ்தர்களுக்குக் காசு கட்டுப்படாமல் பட்டியல்கள் தேங்கின. மருத்துவமனைகளில் பொருட்கள் கிடைப்பதில் சிக்கல். ஆணைக்குழு, பரிந்துரை, பலகை எல்லாம் வந்து ஆறு வருடத்துக்குப் பிறகு, அதே திணைக்களம்.

விழாத மென்பொருள்

இதுவரைக்கும் கேட்டவை ஒண்டு சொல்லுவினம்: "அது பழுதான மென்பொருள். நல்லதா வாங்கி ஒழுங்கா மத்தியில மேற்பார்வை செய்தால் பிரச்சினை வராது." சரி. அப்ப மத்திய மேற்பார்வை நல்லா வளர்ந்த, மென்பொருளும் விழாமல் ஓடின ஒரு இடத்தைப் பார்ப்பம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம்.

மாநிலத் திணைக்களங்களின் தொழில்நுட்பத்தை ஒரே குடைக்குக் கீழ் கொண்டுவருவதில் மிச்சிகன் முன்னோடி. 2001இலேயே ஆளுநர் ஜோன் எங்க்லர் நிறைவேற்று ஆணையால் தனித் தொழில்நுட்பத் திணைக்களத்தை உருவாக்கினார். பிறகு அது கொள்வனவையும் வரவுசெலவையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய திணைக்களமாக மாறியது. 2013இல் ஆளுநராக இருந்த ரிக் ஸ்னைடர் முன்னர் கேட்வே கணினிக் கம்பனியின் தலைமைப் பதவியில் இருந்தவர். தொழில்நுட்பம் தெரியாத அரசு எண்டு ஆரும் சொல்ல ஏலாது.

2013 ஒக்டோபரில் வேலையின்மைக் காப்புறுதிக்காக 'மிடாஸ்' என்ற அமைப்பைத் தொடக்கினார்கள். செலவு 47 மில்லியன் டொலரளவில். முகவரகத்தின் ஊழியர்களில் மூன்றிலொரு பங்கினரளவில் குறைக்கப்பட்டிருந்தார்கள். மோசடி செய்தது யார் என்று மென்பொருளே தீர்மானித்தது. ஒருவர் சில கிழமை மட்டும் உழைத்த காசை முழுக் காலாண்டுக்கும் சமமாகப் பரப்பிவிட்டு, வேலை இல்லாத கிழமையிலும் உழைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டது. அவுஸ்திரேலியத் தோழர்களுக்கு இது பழக்கமான தந்திரம். கன்பரா அரசின் ரோபோடெட் செய்ததும் இதே சராசரிக் கணக்குத்தான். சந்தேகம் வந்தால் ஆளுக்கு ஒரு கேள்விக்கொத்துப் போகும். பலருக்கு அது அவர்கள் பார்க்காமல் விட்ட இணையக் கணக்குக்குப் போனது. பத்து நாளில் பதில் இல்லாவிட்டால் மோசடிக்காரர். பெற்ற காசைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதோடு நான்கு மடங்கு தண்டம், 12 வீத வட்டி. சம்பளத்தில் பிடித்தார்கள், வரி மீளளிப்பில் பிடித்தார்கள்.

பிறகு மாநிலமே மறுபரிசீலனை செய்தபோது, மென்பொருள் தனியாகத் தீர்மானித்த 22,427 வழக்குகளில் 93 வீதத்தில் மோசடியே இல்லை. மொத்தம் 40,000 பேரளவில் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். வழக்கு வருடக்கணக்காக இழுபட்டு, 2022இல் 20 மில்லியன் டொலர் இணக்கப்பாடு அறிவிக்கப்பட்டது. நாற்பதாயிரத்தால் பிரிச்சுப் பாருங்கோ, ஆளுக்கு 500 டொலர். வீடு இழந்தவைக்கும் வங்குரோத்து அறிவிச்சவைக்கும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. குயின்ஸ்லாந்தில் மென்பொருள் விழுந்தது, சனம் பாதிக்கப்பட்டது. மிச்சிகனில் மென்பொருள் விழாமல் நின்றது, சனம் பாதிக்கப்பட்டது. மிச்சிகனின் முகவரகத்துக்கு அந்தக் காலத்தில் தண்டப்பணம் நல்லா வந்தது. வருமானம் கூடினால் எந்தத் தரவுப் பலகை சிவப்பு காட்டும்? இரண்டு இடத்திலும் ஒத்துப்போறது ஒண்டுதான்: வேலை தெரிஞ்ச ஊழியரை முதலில வெளியில தள்ளினவை, பாதிக்கப்படப்போறவரிட்ட ஒருபோதும் கேக்கேல்லை.

சில மறுப்புகள்

"தொழிலாளருக்கு நிப்பாட்டுற அதிகாரம் குடுத்தால் எந்தத் திட்டமும் நகராது." லாட்டிஸுக்கு ஆதரவு 2008இல் முடிஞ்சுது, உடன மாத்தாட்டில் பெரிய ஆபத்து எண்டு அவசரப்படுத்தினவை. ஆனால் அந்தப் பழைய மென்பொருள் 2010 மார்ச் வரைக்கும் சம்பளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ஆறு மாதம் பொறுத்துக் குறைகளைத் திருத்தியிருந்தால் எட்டு வருடச் செலவு மிஞ்சியிருக்கும். வார்டிலயும் சம்பளப் பிரிவிலயும் இருக்கிற பிரதிநிதி நிப்பாட்டச் சொல்லுறது தன் வேலையைக் காப்பாற்ற எண்டே வைச்சுக்கொள்ளுவம். விற்கிறவர் தொடங்கச் சொல்லுறது மட்டும் தர்மத்துக்கோ?

"இதெல்லாம் சீர்திருத்தம் தோழர், அரசை அரசாகவே விட்டுவிட்டு அதைத் திருத்திற வேலை." இதை எங்கட வட்டத்திலயே கேட்டிருக்கிறன். நான் கேக்கிறன், நாளைக்கு எங்கட கனவு அரசே வந்தாலும், அதுக்குச் சம்பளம் போடத் தெரிய வேண்டாமோ? பொது மருத்துவமனையை விரும்புகிற ஒரு இயக்கம் அந்த மருத்துவமனையின் சம்பளம் எந்த ஒப்பந்தத்தில் ஓடுது எண்டு பார்க்காட்டில், 'பொது' எண்ட சொல்லுக்குள்ள தனியார் இருந்து குடித்தனம் நடத்துவான். அதோட, கொள்வனவு எங்களுக்குப் புது அரசியலும் இல்லை. ஆயுதக் கம்பனிகளிட்ட இருந்து பல்கலைக்கழகம் முதலீட்டை எடுக்க வேண்டும் எண்டு கூடாரம் அடிச்சு இருந்தவை நாங்கள். பொதுக் காசு ஆருக்குப் போகுது எண்ட கேள்விதான் அது. அதே கேள்வியை மாநிலத் திணைக்களத்திட்டயும் கேளுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

இன்னொரு விஷயமும் இருக்கு, அது எங்கட சமூகத்துக்குள்ள இருக்கு. எங்கட அன்ரிமார் முதியோர் இல்லத்திலயும் மருத்துவமனையிலயும் வேலை செய்யினம். எங்கட அண்ணாமார் அக்காமார் கனபேர் இந்த மென்பொருள்களைக் கட்டுகிற கம்பனிகளில வேலை செய்யினம். சிலர் தற்காலிக விசாவில. வேலை தந்த கம்பனியிலதான் அந்த விசாவே தொங்குது. சோதனையில பிழை தெரியுது, ஆனால் அறிக்கையில 'பச்சை' எண்டு போடச் சொன்னால் அவர் என்ன செய்யலாம்? ஒரே சாப்பாட்டு மேசையில பிழையான சம்பளத்தை வாங்கிறவவும் அந்தப் பிழையைக் கண்டும் வாய் திறக்க ஏலாதவரும் பக்கத்துப் பக்கத்தில இருக்கினம். இந்த ரெண்டு பேரையும் ஒரே பக்கத்தில நிக்கவைக்கிற அரசியல் எங்களிட்ட இல்லாட்டில், வேற ஆரிட்ட இருக்கப்போகுது?

என்ன கேப்பம்?

முதலாவது, தொடங்குகிற முடிவில் அதிகாரம். எந்த அரச மென்பொருளும் உண்மையான பாவனைக்கு வருவதற்கு முன், அதை வைத்து வேலைசெய்யப் போகிறவர்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆலோசனைக் கூட்டத்தில தேத்தண்ணி குடுத்து அனுப்புறது சம்மதம் இல்லை.

இரண்டாவது, ஒப்பந்தம் முழுதாகப் பகிரங்கமாக வேண்டும். 'வர்த்தக இரகசியம்' என்ற கறுப்பு மையைப் பொதுக் காசில் எழுதிய ஒப்பந்தத்தின் மீது பூசக்கூடாது. குறிப்பாக, ஒரு கம்பனியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த உடன்பாடும் பாராளுமன்றத்தில் வைக்கப்படாமல் செல்லுபடியாகக் கூடாது.

மூன்றாவது, அரசுக்குள் நிரந்தர வேலை. மென்பொருள் எழுதுகிறவர்களையும் சம்பள எழுதுநர்களையும் அரசு தன் சொந்த ஊழியர்களாக வைத்திருக்க வேண்டும். வாங்கிறதென்ன எண்டு தெரிஞ்ச ஆள் உள்ளுக்கு இல்லாத வீட்டில, விக்கிறவன் சொல்லுறதுதான் விலை.

நான்காவது, ஒருவரின் காசைப் பறிக்கிற, அவரைக் குற்றவாளியாக்குகிற எந்த முடிவையும் ஒரு மனிதர் ஆதாரம் பார்த்து, பெயர் போட்டு எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பதில் சொல்லும் வரை ஒரு சதமும் பிடிக்கக்கூடாது.

ஐந்தாவது, பிழையைச் சொல்லுகிற ஒப்பந்த ஊழியருக்கு வேலையும் விசாவும் பாதுகாக்கப்பட வேண்டும்.

இதுக்கெல்லாம் ஆர் மினக்கெடுறது எண்டு கேக்காதேங்கோ. பிலோலாக் குடும்பத்தை அதே குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வரைக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் குடிவரவுச் சட்டத்தையும் வரி வரியாப் படிச்ச சனம் இது. ஆட்களின் முகம் தெரிஞ்சால் எந்த ஆவணமும் எங்களுக்குச் சலிக்காது. ஒரு விலைமனு அறிவித்தலுக்குப் பின்னாலயும் ஆட்கள் இருக்கினம் எண்டதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

ஆகவே செய்யக்கூடியது: உங்கட மாநிலத்தின்ர திட்டப் பலகையைத் திறந்து, சுகாதாரம், கல்வி, வீடமைப்பு இந்த மூன்றில் இப்ப என்ன வாங்கப்படுது எண்டு பாருங்கோ. அந்த இடத்தில வேலை செய்யிற ஒருவரைத் தேடிப் பிடிச்சு, உங்களிட்ட ஆரும் கேட்டவையோ எண்டு கேளுங்கோ. தகவல் அறியும் உரிமையில ஒப்பந்தத்தைக் கேளுங்கோ, கறுப்பு மை பூசி வந்தால் அந்தக் கறுப்புப் பக்கத்தையே எங்களுக்கு அனுப்புங்கோ, போடுவம். வருடாவருடம் வரவுசெலவு விசாரணை அமர்வுகளில் அமைச்சர்கள் பாராளுமன்றக் குழுவுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். அதில் கேட்கவேண்டிய கேள்வியை உங்கட தொகுதி உறுப்பினருக்கு எழுதிக் குடுங்கோ. தொழிற்சங்கக் கிளையில இருக்கிற தோழர்கள் மேலே இருக்கிற முதலாவது கோரிக்கையை ஒரு தீர்மானமாக வைக்கலாம். வசனம் எழுத உதவி வேணுமெண்டால் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கோ, நான் எழுதித் தாறன்.

தோழமையுடன்.